சில்லு வியாபாரிகளின் போட்டியும் கூட்டும்: நாம் அறிய வேண்டியவை



இன்று நமது கடைகளில் தராசுக்கு அடுத்தபடியாக அதிகம் உழைப்பது கம்ப்யூட்டர்தான். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு, பேரேடும் கார்பன் பில் புத்தகமுமாக வியாபாரம் செய்துவந்த பழைய கடைக்காரர்களும் ஒரு கம்ப்யூட்டரை வாங்கி மேஜைமேல் வைக்க வேண்டியதாயிற்று. துவரம்பருப்பு எந்த ஊரிலிருந்து வருகிறது, யார் கையில் இருப்பு இருக்கிறது, யார் விலையைப் பிடித்து நிறுத்துகிறார் என்பதெல்லாம் நமக்கு அத்துப்படி. ஆனால் பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கும் இந்தப் பெட்டி எப்படிப்பட்ட சந்தையிலிருந்து வருகிறது என்பதை நம்மில் பலர் விசாரித்ததில்லை.

விசாரித்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. "ஸ்கீம்" கொடுத்து மடக்குவது, "எங்கள் சரக்கு மட்டும்தான் வைக்க வேண்டும்" என்று நெருக்குவது, எதிர்க்கடைக்காரரோடு சண்டையும் போட்டுக்கொண்டு சந்தை வேலைக்குக் கூடவும் நிற்பது ஆகிய எல்லாம் அங்கும் உண்டு. தொகைதான் கோடிகளில். அதில் நமக்குப் பாடம் இருப்பதால் நம் பாஷையிலேயே எழுதுகிறேன்.

சில்லும் போர்டும்

கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தால் அகலமான ஒரு பலகை தெரியும். அதற்கு மதர்போர்டு என்று பெயர். அதன்மேல் ஒரு சின்ன விசிறிக்கு அடியில் சதுரமாக உட்கார்ந்திருப்பது பிராசசர் என்னும் சில்லு. கணக்குப் போடுவது சில்லு. போட்ட கணக்கைத் திரைக்கும் பிரிண்டருக்கும் பார்கோடு கருவிக்கும் கொண்டு சேர்ப்பது போர்டு. சில்லு போர்டில் உட்காரும் இடம் சாக்கெட்.

நாம் பில் போடும் வகைக் கம்ப்யூட்டருக்குச் சில்லு கொடுப்பவர்கள் பெரும்பாலும் இரண்டே அமெரிக்கக் கம்பெனிகள்: இன்டெல், ஏ.எம்.டி. போர்டு செய்பவர்களோ பலர். அசுஸ், ஜிகாபைட், எம்.எஸ்.ஐ., ஆஸ்ராக் என்று சென்னை ரிச்சி தெருக் கடைகளில் அடுக்கியிருக்கும் பெயர்கள் எல்லாம் தைவான் நாட்டுக் கம்பெனிகள்.

நெல் ஆலையும் அரிசி மண்டியும் எப்படியோ, சில்லுக்காரரும் போர்டுக்காரரும் அப்படி. ஒருவர் இல்லாமல் மற்றவர் இல்லை. ஆனால் ஆலைக்காரர்கள் இரண்டே பேர், மண்டிக்காரர்கள் பலர். பிடி யார் கையில் இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரே கடையில் தொழில் பழகியவர்கள்

இன்டெல்லை 1968-ல் ராபர்ட் நாய்ஸ், கார்டன் மூர் என்ற இருவர் தொடங்கினார்கள். மறு ஆண்டு, 1969 மே மாதம், ஜெரி சாண்டர்ஸ் என்பவர் தம் கூட்டாளிகளுடன் ஏ.எம்.டி.யைத் தொடங்கினார். மூவருமே அதற்கு முன் பேர்சைல்டு என்ற ஒரே கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். முதல் இருவர் தொழில்நுட்பம் அறிந்தவர்கள். சாண்டர்ஸ் விற்பனைப் பகுதியைப் பார்த்தவர். ஒரு பெரிய கடையில் தொழில் பழகியவர்கள் வெளியே வந்து எதிரெதிரே கடை போடுவது நம் கடைத்தெருவிலும் வழக்கம்தானே!

1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். தனது பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டபோது இன்டெல் சில்லைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் ஐ.பி.எம். பழுத்த வியாபாரி. "உன் ஆலையில் தீப்பிடித்தாலும், வேலைநிறுத்தம் வந்தாலும் என் வியாபாரம் நிற்கக்கூடாது. இதே சில்லை இன்னொருவரும் செய்து தர வேண்டும்" என்பது அதன் நிபந்தனை. ஐ.பி.எம். ஆர்டரை இழக்க மனமில்லாத இன்டெல் 1982-ல் ஏ.எம்.டி.யுடன் பத்தாண்டு ஒப்பந்தம் போட்டது. தன் சரக்கின் செய்முறையைத் தன் போட்டியாளரிடமே கொடுத்தது.

இதை அந்தத் தொழிலில் "இரண்டாவது சப்ளையர்" முறை என்கிறார்கள். இந்த இரண்டு கம்பெனிகளின் சண்டையும் சமாதானமும் இந்த ஒரு நிபந்தனையிலிருந்து கிளம்பியவையே. போட்டியாளரை இன்டெல் தானாக விரும்பி வளர்க்கவில்லை. வாங்குபவர் வற்புறுத்தியதால் வளர்த்தது. வாங்குபவர் கையில் இருக்கும் பலம் இதுதான்.

ஒப்பந்தம் முறிந்த கதை

1985-ல் இன்டெல் 386 என்ற புதிய சில்லைக் கொண்டுவந்தது. அதற்குள் ஐ.பி.எம். மாதிரியே கம்ப்யூட்டர் செய்யும் கம்பெனிகள் பல வந்துவிட்டன. ஐ.பி.எம். ஒருவரை மட்டும் நம்பும் நிலை இன்டெல்லுக்கு இல்லை. 386-ன் செய்முறையை ஏ.எம்.டி.க்குத் தர மறுத்துவிட்டது. ஏ.எம்.டி. 1987-ல் மத்தியஸ்தத்துக்குப் போயிற்று. வழக்குகள் நீண்டு, இரு தரப்பும் ராஜியானது 1995-ல்தான்.

இடையில் ஏ.எம்.டி. சும்மா இருக்கவில்லை. தானே முயன்று 1991-ல் தன் 386 சில்லைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதுவரை ஒரே ஆளிடம் வாங்கிவந்த கம்ப்யூட்டர் தயாரிப்பாளர்களுக்கு இன்னொரு வாசல் திறந்தது. விலையும் இறங்கியது.

பெயர் சம்பந்தமாகவும் ஒரு செய்தி உண்டு. "386" என்பது வெறும் எண், அதைத் தனி வணிகச் சின்னமாக உரிமை கொண்டாட முடியாது என்று 1991-ல் அமெரிக்க நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால்தான் இன்டெல் அடுத்து வந்த சில்லுக்கு 586 என்று எண் வைக்காமல் 1993-ல் "பென்டியம்" என்று பெயர் சூட்டியது. "பொன்னி" என்ற நெல்வகையின் பெயரை எந்த ஆலைக்காரரும் தனக்கே சொந்தம் என்று சொல்ல முடியாது. தன் மூட்டைமேல் தனி மார்க்கா போட்டுத்தான் விற்க வேண்டும். அதே நியாயம்தான்.

அந்தப் பென்டியம் உருவாக்கத்தில் முக்கியப் பங்கு வகித்தவர் நம் நாட்டில் பிறந்த வினோத் தாம். அவர் 1995-ல் இன்டெல்லை விட்டு நெக்ஸ்ஜென் என்ற சிறு கம்பெனிக்குப் போனார். அந்தக் கம்பெனியை ஏ.எம்.டி. வாங்கியது. அங்கிருந்து 1997-ல் வந்த கே-6 என்ற சில்லு பென்டியத்துக்கே போட்டியாக நின்றது. ஆள் மாறினால் தொழில் ரகசியம் மாறுகிறதோ இல்லையோ, திறமை கூடவே போகிறது.

பூட்டிய சாக்கெட்டும் வெள்ளைப் பெட்டியும்

1997 வரை போர்டுக்காரர்களுக்கு ஒரு வசதி இருந்தது. "சாக்கெட் 7" என்ற ஒரே சாக்கெட்டில் இன்டெல் சில்லும் பொருந்தும், ஏ.எம்.டி. சில்லும் பொருந்தும். ஒரு போர்டை இருப்பு வைத்தால் இரண்டு பேர் சரக்குக்கும் விற்கலாம். எல்லாச் சரக்குக்கும் ஒரே தராசு என்பதுபோல.

அந்த ஆண்டு வந்த பென்டியம் 2 சில்லுக்கு இன்டெல் புதிய அமைப்பைக் கொண்டுவந்தது. "ஸ்லாட் 1" என்று பெயர். அதை ஏ.எம்.டி. பயன்படுத்த அனுமதி இல்லை. அன்றிலிருந்து போர்டு வியாபாரம் இரண்டாகப் பிரிந்தது. இன்டெல் போர்டு வேறு, ஏ.எம்.டி. போர்டு வேறு. இன்றுவரை அப்படித்தான். உங்கள் கடைப் பெட்டியில் இன்டெல் போர்டு இருந்தால் அதில் ஏ.எம்.டி. சில்லைப் பொருத்த முடியாது.

1999 ஆகஸ்டில் ஏ.எம்.டி. "அத்லான்" என்ற நல்ல சில்லை வெளியிட்டது. வேகத்தில் இன்டெல்லுக்குச் சவால். அதற்கான "ஸ்லாட் ஏ" அமைப்பில் ஒரு சாமர்த்தியம் செய்தார்கள். இன்டெல்லின் ஸ்லாட்டுக்குப் பயன்படும் அதே இணைப்புப் பாகத்தையே திருப்பிப் பொருத்தினார்கள். மின்சார ஏற்பாடு வேறு. ஆனால் போர்டுக்காரர் புதிய பாகம் தேடி அலைய வேண்டாம். கையிலிருப்பதையே உபயோகிக்கலாம். சிறிய வியாபாரிக்குச் சௌகரியம் செய்து கொடுத்து அவரைத் தன் பக்கம் இழுப்பது இப்படித்தான்.

அப்படியும் போர்டுக்காரர்கள் தயங்கினார்கள். காரணம், போர்டில் "சிப்செட்" என்ற துணைச் சில்லும் வேண்டும். இன்டெல் வகைப் போர்டுகளுக்கு அதைப் பெரும்பாலும் இன்டெல்லிடமே வாங்க வேண்டியிருந்தது. அசுஸ் கம்பெனி அத்லானுக்குச் செய்த கே7எம் என்ற போர்டு தன் பெயரே அச்சிடாத வெள்ளை அட்டைப்பெட்டியில் கடைகளுக்கு வந்தது. இன்டெல் மனம் கோணினால் சிப்செட் சப்ளை சுருங்கிவிடும் என்ற அச்சமே காரணம் என்று அக்காலக் கம்ப்யூட்டர் பத்திரிகைகள் எழுதின. உலகப் புகழ் பெற்ற கம்பெனி, தான் செய்த நல்ல சரக்கில் தன் பெயரைப் போடத் தயங்கியது! ஒரே சப்ளையரை நம்பியிருப்பவரின் நிலைமைக்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டியதில்லை.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. இன்டெல் அக்காலத்தில் தன் சொந்தப் பெயரிலும் மதர்போர்டு விற்றது. தன்னிடம் சிப்செட் வாங்கும் போர்டுக்காரர்களுக்கே போட்டி. ஆலைக்காரர் மண்டிக்கு எதிரிலேயே அரிசிக்கடை திறந்ததுபோல. அந்த வியாபாரத்திலிருந்து விலகுவதாக 2013-ல்தான் இன்டெல் அறிவித்தது.

ஒன்பது பேர் சேர்ந்த கூட்டு

இனிக் கூட்டின் நல்ல பக்கத்தைப் பார்ப்போம். 1987-ல் ஐ.பி.எம். தன் கம்ப்யூட்டரின் உள்ளமைப்பை மாற்றி, பழைய துணைக்கருவிகள் பொருந்தாதபடி செய்தது. மற்றவர்கள் அந்தப் புதிய அமைப்பைப் பயன்படுத்தினால் உரிமைத்தொகை கட்ட வேண்டும் என்றது. 1988 செப்டம்பரில் காம்பாக், எச்.பி., எப்சன் உட்பட ஒன்பது கம்பெனிகள் ஒன்று சேர்ந்தன. தினமும் ஒருவர் வாடிக்கையை ஒருவர் பறித்துக்கொண்டிருந்தவர்கள், பழைய கருவிகளும் பொருந்தும்படியான வேறொரு பொது அமைப்பை அறிவித்தார்கள். அந்த அமைப்பு எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பரவவில்லைதான். ஆனால் ஐ.பி.எம். நினைத்தது நடக்கவில்லை. அதன் தனி அமைப்பு சில ஆண்டுகளில் சந்தையிலிருந்து மறைந்தது.

இன்னும் நல்ல உதாரணம் யு.எஸ்.பி. முன்பெல்லாம் பிரிண்டருக்கு ஒரு வாய், மவுசுக்கு ஒரு வாய், கீபோர்டுக்கு ஒரு வாய் என்று பெட்டியின் பின்புறம் பலவிதமான ஓட்டைகள் இருக்கும். இன்டெல், மைக்ரோசாப்ட், ஐ.பி.எம்., காம்பாக், டிஜிட்டல், என்.இ.சி., நார்டெல் என்ற ஏழு கம்பெனிகள் சேர்ந்து 1996-ல் யு.எஸ்.பி. என்ற பொது அளவை வெளியிட்டன. இன்டெல்லில் இந்த வேலைக்குத் தலைமை தாங்கியவர் பரோடாவில் படித்த அஜய் பட். இன்று எந்தக் கம்பெனி பார்கோடு கருவி வாங்கினாலும், எந்தக் கம்பெனி பில் பிரிண்டர் வாங்கினாலும் நம் பெட்டியில் பொருந்துகிறதே, அது இந்தக் கூட்டின் பலன்.

தஞ்சை ஜில்லாவில் படி, மரக்கால், கலம் என்று அளந்த காலத்தில் ஊருக்கு ஊர் அளவு வித்தியாசப்பட்டதை நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1956-ல் எடை அளவுச் சட்டம் வந்து, பிறகு கிலோவும் லிட்டரும் எல்லா ஊருக்கும் பொதுவானதால் எந்த வியாபாரியும் கெட்டுப்போகவில்லை. வெளியூர் வியாபாரம் பெருகியது. அளவு பொதுவாக இருக்க, தரத்திலும் விலையிலும் போட்டி நடந்தது. கம்ப்யூட்டர் சந்தையில் யு.எஸ்.பி. செய்த வேலையும் அதுவே.

"ஸ்கீம்" என்ற தூண்டில்

நம் கடைக்கு வரும் கம்பெனி ஏஜெண்டுகள் என்ன சொல்கிறார்கள்? "எங்கள் பிஸ்கட்டை மட்டும் முன் அலமாரியில் வையுங்கள், மாசக் கடைசியில் இத்தனை சதவீதம் தருகிறோம்." எனக்கும் ஒரு கம்பெனி இப்படி ஆசை காட்டி, மற்றொரு கம்பெனிச் சரக்கை நான் வைத்த மாதமே ஸ்கீம் தொகையை நிறுத்தியது உண்டு. எழுத்தில் ஒன்றும் இல்லாததால் கேட்க வழியில்லை.

இதே புகார்தான் இன்டெல் மீதும் வந்தது. 2009 மே மாதம் ஐரோப்பியக் கமிஷன் இன்டெல்லுக்கு 106 கோடி ஈரோ அபராதம் விதித்தது. டெல், எச்.பி., லெனோவோ, என்.இ.சி. ஆகிய தயாரிப்பாளர்களுக்கு, "அநேகமாக எல்லாச் சில்லும் எங்களிடமே வாங்க வேண்டும்" என்ற நிபந்தனையோடு தள்ளுபடி கொடுத்ததாகவும், மீடியா சாட்டர்ன் என்ற சில்லறைக் கடைக் கம்பெனிக்கு இன்டெல் கம்ப்யூட்டரை மட்டும் விற்கப் பணம் கொடுத்ததாகவும் கமிஷன் சொன்னது. ஏ.எம்.டி. சரக்கைத் தாமதமாக வெளியிடச் சில தயாரிப்பாளர்களுக்குப் பணம் தரப்பட்டது என்பதும் குற்றச்சாட்டு.

இன்டெல் விடவில்லை. தள்ளுபடியால் போட்டி கெட்டது என்பதைக் கமிஷன் சரியாக நிரூபிக்கவில்லை என்று 2022-ல் ஐரோப்பிய நீதிமன்றம் அந்த அபராதத்தை ரத்து செய்தது. 2024 அக்டோபரில் மேல் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆனால் போட்டியாளர் சரக்கைத் தாமதப்படுத்தப் பணம் கொடுத்த பகுதிக்காக மட்டும் 2023-ல் கமிஷன் தனியாக 37 கோடி ஈரோவுக்கு மேல் அபராதம் போட்டது. அதற்கும் மேல்முறையீடு நடந்தது. இதற்கிடையே 2009 நவம்பரிலேயே இன்டெல் ஏ.எம்.டி.க்கு 125 கோடி டாலர் கொடுத்து, தங்களுக்குள் இருந்த வழக்குகளை முடித்துக்கொண்டது.

இதில் நாம் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. தள்ளுபடி கொடுப்பது குற்றமல்ல. அதிகம் வாங்குபவருக்குக் குறைத்துக் கொடுப்பது வியாபாரம். "அடுத்தவன் சரக்கை வைக்காதே" என்பதற்குக் கூலியாகக் கொடுத்தால் அங்கேதான் வில்லங்கம் பிறக்கிறது. அதையும் கோர்ட்டில் நிரூபிப்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு இந்தப் பதினைந்து ஆண்டு வழக்கே சாட்சி. ஆகவே தூண்டிலில் மாட்டாமல் முன்கூட்டியே ஜாக்கிரதையாக இருப்பதே மேல்.

நம் நாட்டு வழக்கு

இந்தியாவிலும் இன்டெல் மீது ஒரு விசாரணை நடந்தது. 2016-ல் அக்கம்பெனி இந்தியாவுக்கென்று ஒரு தனி உத்தரவாத விதி கொண்டுவந்தது. அங்கீகாரம் பெற்ற இந்திய விநியோகஸ்தரிடம் வாங்கிய பெட்டிச் சில்லுக்கு மட்டுமே இங்கே வாரண்டி உண்டு. வெளிநாட்டு விநியோகஸ்தரிடமிருந்து குறைந்த விலையில் முறைப்படி இறக்குமதி செய்த அசல் இன்டெல் சில்லு பழுதானால், வாங்கிய நாட்டுக்கே எடுத்துப்போக வேண்டும். இப்படி இறக்குமதி செய்து விற்கும் வணிகர் தரப்பு புகார் கொடுத்தது. 2019-ல் இந்தியப் போட்டி ஆணையம் விசாரணைக்கு உத்தரவிட்டது. இன்டெல் 2024-ல் அந்த விதியைக் கைவிட்டது. 2026 பிப்ரவரியில் ஆணையம் 27 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது.

புகார் கொடுத்தவர் இன்டெல்லோடு ஒப்பிட்டால் சின்ன வியாபாரி. சட்டம் சின்னவர் கையிலும் ஆயுதமாகும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

கூடாத கூட்டு

எல்லாக் கூட்டும் நல்ல கூட்டு அல்ல. கம்ப்யூட்டரில் ரேம் என்ற நினைவகச் சில்லு உண்டு. 1999 முதல் 2002 வரை அதன் தயாரிப்பாளர்கள் சிலர் தங்களுக்குள் பேசி விலையை நிர்ணயித்தார்கள். அமெரிக்க அரசு கண்டுபிடித்து, 2004-ல் இன்பினியனுக்கு 16 கோடி டாலரும், 2005-ல் ஹைனிக்சுக்கு 18½ கோடி டாலரும், சாம்சங்குக்கு 30 கோடி டாலரும் அபராதம் விதித்தது. நாம் "சிண்டிகேட்" என்கிறோமே, அதுதான்.

இன்று ரேம் சந்தையில் பெரும்பகுதி சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூவர் கையில் இருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக்கான பெரிய கம்ப்யூட்டர் நிலையங்கள் ரேமை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியில் விலை வெகுவாக ஏறியது. இதில் சதி என்று சொல்ல ஆதாரமில்லை. தேவை கூடியிருக்கிறது. ஆனாலும் விற்பவர் மூவர், வாங்குபவர் உலகம் முழுவதும் என்றால் விலை எவ்வளவு சீக்கிரம் எகிறும் என்பதற்கு இது உதாரணம்.

சங்கம் வைத்திருக்கிற நாமும் இதை நினைவில் கொள்ள வேண்டும். 2002-ம் ஆண்டுப் போட்டிச் சட்டம் கம்பெனிகளுக்கு மட்டுமல்ல, சங்கங்களுக்கும் பொருந்தும். புதிய விநியோகஸ்தரை நியமிக்கச் சங்கத்தின் சம்மதக் கடிதம் வேண்டும் என்று வற்புறுத்தியதற்காக மருந்து வணிகர்களின் அகில இந்திய அமைப்புக்கே 2013-ல் ஆணையம் அபராதம் விதித்திருக்கிறது.

இன்று ஒரே மேடையில்

2024 அக்டோபரில் ஒரு அதிசயம் நடந்தது. இன்டெல்லும் ஏ.எம்.டி.யும் சேர்ந்து ஒரு ஆலோசனைக் குழு அமைத்தன. காரணம், செல்போன்களில் உபயோகமாகும் ஆர்ம் வகைச் சில்லுகள் கம்ப்யூட்டருக்குள்ளும் வரத் தொடங்கிவிட்டன. ஆப்பிள் கம்பெனி 2020-லேயே தன் கம்ப்யூட்டர்களில் இன்டெல்லை விட்டு அந்த வகைக்கு மாறத் தொடங்கியது. மூன்றாவது ஆள் வந்தவுடன் பழைய எதிரிகள் இருவரும், தங்கள் சில்லுகளுக்கு எழுதப்படும் மென்பொருள் இரண்டிலும் ஒரே மாதிரி ஓட வேண்டும் என்று கை கோத்தார்கள். சரக்கு விற்பதில் போட்டி அப்படியேதான் இருக்கிறது.

நம் மாநிலத்திலும் இதைக் கண்ணால் காணலாம். ஆப்பிள் செல்போன்களைப் பாக்ஸ்கான் கம்பெனி ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் 2019 முதல் செய்கிறது. 2022 செப்டம்பரில் செங்கல்பட்டு அருகே மகிந்திரா சிட்டியில் பெகட்ரான் ஆலை திறக்கப்பட்டது. இந்தப் பெகட்ரான் வேறு யாருமல்ல, வெள்ளைப் பெட்டியில் போர்டு விற்றதே அசுஸ், அதன் உற்பத்திப் பிரிவாக இருந்து தனியே பிரிந்தது. 2025 ஜனவரியில் அதன் இந்தியக் கம்பெனியில் 60 சதவீதப் பங்கை டாடா வாங்கியது. ஒரு போனுக்கு இரண்டு ஆலை. ஐ.பி.எம். 1981-ல் கேட்ட அதே நிபந்தனை இன்றும் வேலை செய்கிறது.

2026 ஜனவரியில் தமிழக அரசு கல்லூரி மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய லேப்டாப்பைப் பாருங்கள். ஏசர், டெல், எச்.பி. என்று மூன்று கம்பெனிகளின் சரக்கு. உள்ளே இன்டெல் ஐ-3 அல்லது ஏ.எம்.டி. ரைசன் 3. லட்சக்கணக்கில் வாங்குகிற அரசே ஒருவரை நம்பி நிற்கவில்லை.

நமக்கு வேண்டியவை

இதையெல்லாம் வைத்து நம் கடை அளவில் செய்யக்கூடியவற்றைச் சொல்லி முடிக்கிறேன்.

1. எந்த முக்கியச் சரக்குக்கும் இரண்டு இடத்தில் கணக்கு இருக்கட்டும். இரண்டாமவரிடம் மாதத்துக்குப் பத்து மூட்டையாவது எடுங்கள். கிலோவுக்கு நாலணா கூடினாலும் பாதகமில்லை. முதலாமவர் கைவிடும் நாளில் புதிய கணக்குத் திறக்க ஓட முடியாது.

2. கம்பெனி ஸ்கீமில் "மற்றவர் சரக்கு வைக்கக்கூடாது" என்ற பேச்சு வந்தால் அதை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் தர மறுத்தால், தருவதாகச் சொன்ன தொகையை லாபக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

3. கம்ப்யூட்டர் வாங்கும்போது சீரியல் நம்பருடன் பில் வாங்குங்கள். இந்தியாவில் வாரண்டி யார் கொடுப்பது, சர்வீஸ் எந்த ஊரில் என்று பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள்.

4. போர்டு பொதுவான அளவில் இருக்கிறதா, ரேம் பிறகு சேர்க்க இடமிருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு கம்பெனிப் பாகம் மட்டுமே பொருந்தும் பெட்டியென்றால் அடுத்த ரிப்பேரில் அவர் சொன்னதுதான் விலை.

5. பில் போடும் மென்பொருள் விஷயத்தில் இதைவிடக் கவனம் வேண்டும். நம் வாடிக்கையாளர் பாக்கி, சரக்கு இருப்பு, விலைப்பட்டியல் எல்லாம் அதற்குள் இருக்கிறது. அவற்றை எக்செல் கோப்பாக வெளியே எடுக்க முடியுமா என்று வாங்கும் முன்பே செய்து காட்டச் சொல்லுங்கள். எடுக்க முடியாவிட்டால் நம் கணக்கு நம்முடையதல்ல. வாரம் ஒருமுறை ஒரு பிரதி எடுத்துத் தனியே வைக்கவும்.

6. சங்கமாகச் சேர்ந்து செய்ய வேண்டியவை நிறைய உண்டு. எடைமேடை, சுமைகூலி, லாரி நேரம், கம்பெனிகள் தர வேண்டிய பாக்கி, காலாவதிச் சரக்கைத் திரும்பப் பெறுவது ஆகியவற்றில் ஒரே குரலாகப் பேசுவோம். ஒரே மென்பொருளைப் பல கடைகள் சேர்ந்து பேரம் பேசி வாங்கலாம். விலையை மட்டும் அவரவர் கடையே தீர்மானிக்கட்டும்.

ஒரே தெருவில் பத்து மளிகைக் கடை இருந்தால்தான் ஜனங்கள் அந்தத் தெருவுக்கு வருவார்கள் என்பது நம் பெரியவர்கள் கண்ட அனுபவம். தெருவுக்கு விளக்கும் சாக்கடையும் பொதுவில் கேட்போம். கல்லாவில் அவரவர் திறமையைக் காட்டுவோம்.

வாழ்க வணிகர் ஒற்றுமை!

— மொத்த வணிகர், பட்டுக்கோட்டை